கோல் அடிச்ச பெடியன்ர பேர் என்ன?

வன்னியில் நடந்த ஏதாவதோர் உதைபந்தாட்ட இறுதிப் போட்டியின் செய்தியைப் பத்திரிகையில் எடுத்து வாசித்துப் பாருங்கள். கிளிநொச்சியோ, புதுக்குடியிருப்போ, செட்டிகுளமோ, எதுவானாலும் சரி. முதலில் கழகத்தின் பெயர் வரும். எத்தனையாவது ஆண்டு நிறைவு, யாருடைய ஞாபகார்த்தக் கிண்ணம் என்று வரும். பிறகு பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர்கள், கௌரவ விருந்தினர்கள், அவரவர் பதவிகளோடு வரிசையாக வருவார்கள். அவர்கள் மாலை அணிவிக்கப்பட்டு பான்ட் வாத்தியத்துடன் அழைத்து வரப்பட்டது, மங்கல விளக்கு ஏற்றப்பட்டது, கொடிகள் ஏற்றப்பட்டது எல்லாம் ஒன்று விடாமல் இருக்கும். கடைசி வரியில் இன்ன அணி 2-1 என்ற கோல் கணக்கில் கிண்ணத்தைச் சுவீகரித்தது என்று செய்தி முடிந்துவிடும். படத்தில் கிண்ணத்தின் ஒரு காதை விருந்தினர் பிடித்திருப்பார், மற்றக் காதை அணித் தலைவர் பிடித்திருப்பார். படத்துக்குக் கீழே விருந்தினரின் பெயர் இருக்கும், தலைவரின் பெயர் இராது.

அந்த மூன்று கோலையும் அடித்தது யார்? எத்தனையாவது நிமிடத்தில்? ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை.

முன்பென்றால் எனக்கும் இந்தக் கேள்வி எழுந்திராது. உதைபந்தாட்டம் என்பது மாலையில் மைதானப் பக்கமிருந்து கேட்கும் சத்தம். பெடியள் புழுதியோடு வருவார்கள், முழங்கால் உரஞ்சியிருந்தால் மருந்து போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். கிரிக்கெட்டில் முரளிதரனையும் சனத் ஜயசூரியவையும் தெரியாதவர் இந்த நாட்டில் யார்? உதைபந்தாட்டத்தில் பெலே, மரடோனா என்ற இரண்டு பெயரோடு என் அறிவு நின்றுவிடும். என்னை இதற்குள் இழுத்துவிட்டவர் லியோனல் மெஸ்ஸி.

2022 டிசம்பர் 18, கட்டாரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. எங்களுக்கு அது இரவு எட்டரை மணி. தம்பி வீட்டில் அயலட்டைச் சனமெல்லாம் கூடிவிட்டது. பொருளாதார நெருக்கடியில் அடிபட்டு எல்லோரும் களைத்துப்போயிருந்த வருடம் அது. ஆட்கள் கூடிச் சிரிக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவோம் என்றுதான் நானும் போனேன். மருமகன் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு சொன்னான்: "மாமி, பந்துக்குப் பின்னால கண்ணைக் கொண்டு போகாதேங்கோ. பத்தாம் நம்பரை மட்டும் பாருங்கோ. பந்து அவனிட்ட இல்லாத நேரமும் பாருங்கோ."

பார்த்தேன். மற்ற எல்லோரும் ஓட, அவர் சந்தைக்குப் போகிற ஆளைப்போல நடந்துகொண்டிருந்தார். தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். எதிரணிக்காரன் எங்கே நிற்கிறான், எந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்று கணக்கெடுத்தபடியே நடந்தார். பிறகு நாலு எட்டு எடுத்து வைத்தார், பந்து அவர் காலுக்கு வந்து சேர்ந்தது. அன்று அவர் இரண்டு கோல் அடித்தார். ஆனால் உலகம் இந்த மனிதரை ஏன் கொண்டாடுகிறது என்பது எனக்கு அந்த நடையில்தான் பிடிபட்டது. அதன் பிறகு எழும்ப மனம் வரவில்லை. மெஸ்ஸியின் ஆர்ஜென்டினா 2-0 என்று முன்னால் நின்றதை எதிரணியின் எம்பாப்பே 97 செக்கனுக்குள் இரண்டு கோல் அடித்துச் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் 3-3. கடைசிக் கணத்தில் கோலோ முவானி அடித்த பந்தைக் கோல்காப்பாளர் மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தபோது நான் எழுந்து நின்றிருந்தேன். பெனால்டியில் 4-2 என்று ஆர்ஜென்டினா வென்றது.

ஒரு மனிதரைப் பார்க்கப் போய் ஒரு விளையாட்டையே பார்க்கப் பழகியது இப்படித்தான். ஓஃப்சைட் என்றால் என்னவென்று மருமகன் முற்றத்தில் ஈர்க்கு வைத்துக் காட்டித் தந்தான். பின்வரிசையில் நிற்பவன் சும்மா நிற்பதில்லை என்றும், அவன் இரண்டு அடி முன்னுக்கு வந்தால் எதிரணி முழுவதும் இடம் மாற வேண்டும் என்றும் விளங்கியது. அது விளங்கிய பிறகு எங்கள் ஊர் மைதானம் வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது. மெஸ்ஸி ஆடும் போட்டிகள் எங்களுக்குச் சாமத்தில் வரும், சில நாள் வராது. ஊர்ப் போட்டி பின்னேரம் நாலு மணிக்குக் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. போகத் தொடங்கினேன். என் ஆதங்கமும் அங்கேதான் தொடங்கியது.

ஓர் இறுதிப் போட்டியைச் சொல்கிறேன். எந்தக் கழகம், எந்த ஊர் என்று சொல்லத் தேவையில்லை, வன்னியில் பல மைதானங்களுக்கு இது பொருந்தும். நோட்டீசில் மாலை 3.30 என்று போட்டிருந்தது. மூன்று மணிக்கே இரண்டு அணியும் வந்து, சுற்றி ஓடி, உடம்பைச் சூடாக்கி ஆயத்தமாகிவிட்டன. பிரதம விருந்தினருக்கு அன்று வேறும் நிகழ்ச்சிகள் இருந்தனவாம். நாலு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. பெடியள் வேலியோரம் குந்திவிட்டார்கள், சூடாக்கிய உடம்பு ஆறிப்போயிற்று. பான்ட் அடிக்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையோடு வெயிலில் நின்றார்கள். அதில் ஒரு சின்னப் பிள்ளைக்குத் தலை சுற்றி, ஐஸ்பழம் விற்கிறவர் தன் குடையின் கீழ் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினார். ஐந்து மணி கடந்த பிறகு வாகனங்கள் வந்தன. மாலை, பொன்னாடை, விளக்கு, கொடி, வரவேற்புரை, ஆசியுரை, விருந்தினர் உரை. வீரர்களுக்குக் கை கொடுக்க எல்லா விருந்தினர்களும் வரிசையாக மைதானத்துக்குள் இறங்கினார்கள்.

எல்லாம் முடிய வெயில் சாய்ந்துவிட்டது. எங்கள் மைதானத்தில் மின்விளக்கு இல்லை. பாதிக்கு இருபது நிமிடம், சமநிலை என்றால் நேரே பெனால்டி என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரு மாதமாக விலகல் முறையில் ஒவ்வொரு அணியாக வென்று வந்தவர்களுக்குக் கிடைத்த இறுதிப் போட்டி நாற்பது நிமிடம். மிச்ச நேரம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

பச்சை அணியில் நாலாம் நம்பர் பெடியன் ஒருவன் இடது பின்வரிசையில் நின்றான். மெலிந்த உடம்பு. ஒரு கால் சப்பாத்தை றப்பர் பட்டியால் சுற்றிக் கட்டியிருந்தான். எதிரணி நடுவால் பந்தைக் கொண்டு வந்தது. அவன் பந்துக்கு ஓடவில்லை. பந்து வைத்திருந்தவன் தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம் பார்த்ததைக் கண்டுவிட்டு, இரண்டு அடி உள்ளுக்கு வந்து நின்றான். பந்து அவன் நின்ற இடத்துக்கே வந்தது. நிறுத்தினான், ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான், மைதானத்தின் மறுகரையில் தனியாக ஓடிய வலது கரைக்காரனுக்கு நெடுக்க அனுப்பினான். அங்கிருந்து கோல். லுசெயில் மைதானத்தில் 88,000-க்கு மேற்பட்டவர்களுக்கு நடுவில் மெஸ்ஸி செய்ததும், பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, இதே வேலைதான். எனக்கு மேல் புல்லரித்தது.

ஒலிபெருக்கி சொன்னது: "அருமையானதொரு கோல்! இவ்வேளையில் எமது அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும்..." பிறகு முழுப் பட்டியல்.

பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன், அந்த நாலாம் நம்பர் ஆர் என்று.

"அவனோ? வாய்க்காலுக்கு அங்கால இருக்கிற பெடியன் அக்கா."

"பேர்?"

"பேர் தெரியேல்லை. ஆனா நல்லா விளையாடுவான்."

முதுகைப் பார்த்தால் தெரியும் என்று நினைத்தேன். முதுகில் அனுசரணை தந்த கடையின் பெயர் இருந்தது. அதே மைதானத்தைச் சுற்றி நின்ற சின்னப் பெடியளில் பாதிப் பேரின் முதுகில் மெஸ்ஸி என்றும் ரொனால்டோ என்றும் எழுதியிருந்தது. ஏ9 வீதியோரக் கடைகளில் அந்தச் சட்டைகள் கட்டுக் கட்டாகத் தொங்குகின்றன. அந்தப் பிள்ளைகளிடம் கேட்டால் மெஸ்ஸி பிறந்தது 1987 ஜூன் 24, ஊர் றொசாரியோ என்று ஒப்புவிப்பார்கள். ரொனால்டோ மடேய்ரா தீவுக்காரர் என்பார்கள். முடிவெட்டுகிற கடையில் இந்த இரண்டு பேருக்காகவும் கைகலப்புவரை போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நானும் அந்த வாசலால்தானே உள்ளே வந்தவள். வாசல் திறந்து உள்ளே வந்த சனத்துக்கு எங்கள் பெடியளைக் காட்ட எங்களிடம் ஆளில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

காட்ட விடாமல் நடுவில் நிற்பது இந்த விருந்தினர் மரியாதை. வன்னியோடு முடிகிற வியாதியும் அல்ல இது. 2025 டிசம்பர் 13 அன்று மெஸ்ஸி கல்கத்தாவுக்கு வந்தார். சோல்ட் லேக் மைதானத்தில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு சனம் காத்திருந்தது. இரவிரவாகப் பயணம் செய்து வந்தவர்களும் இருந்தார்கள். அவர் மைதானத்துக்குள் இறங்கியதும் அரசியல்வாதிகளும் பிரமுகர்களும் படமெடுக்கிறவர்களும் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். காசு கொடுத்தவர்களுக்குத் தெரிந்தது அந்த மனிதக் கூட்டத்தின் முதுகுதான். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் அவர் போய்விட்டார். சனம் போத்தல்களை எறிந்தது, கதிரைகளைப் பிடுங்கி எறிந்தது, மைதானத்துக்குள் இறங்கி எல்லாவற்றையும் உடைத்தது. ஏற்பாட்டாளர் கைது செய்யப்பட்டார், முதலமைச்சர் மம்தா பானர்ஜி மன்னிப்புக் கேட்டார். உடைத்ததை நான் சரியென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் எனக்கு நன்றாக விளங்கியது. இதே மைதானத்தில்தான் 2011 செப்டெம்பர் 2 அன்று ஆர்ஜென்டினாவும் வெனிசுவேலாவும் ஆடின. மெஸ்ஸி அடித்த கோணர் உதையை ஒட்டாமென்டி தலையால் முட்டிக் கோலாக்கி 1-0 என்று வென்றது ஆர்ஜென்டினா. அன்று சனம் விளையாட்டைப் பார்த்தது. பதினாலு வருடம் கழித்து அதே ஆளை, அதே மண்ணில், பார்க்க முடியவில்லை.

உலகத்தின் முதல் ஆட்டக்காரனையே பிரமுகர்கள் மறைத்து விடுகிறார்கள் என்றால், வாய்க்காலுக்கு அங்கால் இருக்கிற பெடியனை மறைப்பதற்கு எவ்வளவு நேரம் செல்லும்?

கழகக்காரரோடு இதைக் கதைத்திருக்கிறேன். அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஒரு நல்ல பந்தின் விலை, கோல் கம்பத்துக்கு வலை, சட்டை, நடுவர்களுக்குக் கொடுப்பது, ஒலிபெருக்கி வாடகை, கிண்ணம், எல்லாம் காசு. கழகத்துக்கு வருமானம் கிடையாது. கடைக்காரரும், வெளிநாட்டில் இருக்கிற ஊரவரும், பதவியில் இருக்கிறவர்களும் கை கொடுத்தால்தான் சுற்றுப்போட்டியே நடக்கும். கிண்ணம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் ஞாபகமாக வைக்கப்படுவது. எங்கள் மண்ணில் ஞாபகார்த்தக் கிண்ணம் என்றால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி எழுந்து நின்று செலுத்துகிற வணக்கத்தில் ஒரு செக்கனும் குறையக் கூடாது. தாய் தகப்பன் வந்து கிண்ணத்தைக் கையால் எடுத்துக் கொடுக்கட்டும். காசு தந்தவருக்கு நன்றி சொல்லட்டும். இதெல்லாம் கால்மணி நேரத்தில் முடிகிற காரியம். மிச்ச ஒன்றரை மணி நேரம் யாருக்காக?

அந்த ஒன்றரை மணி நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. விருந்தினர் வரச் சுணங்கினால், "அதுவரைக்கும் பெட்டையளை விளையாட விடுங்கோ" என்பார்கள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பிள்ளைகள் தேசிய மட்டத்தில் கிண்ணம் எடுத்து வந்த விளையாட்டு இது. எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கோ இடைவெளி நிரப்புகிற வேலை. வாகனம் வந்த உடனே விசில் ஊதி நிறுத்திவிடுவார்கள். கோல் கணக்கு என்ன என்றுகூட யாரும் சொல்லுவதில்லை. அப்படி நடுவில் நிறுத்தப்பட்டு வெளியே வந்த ஒரு பிள்ளையின் முகத்தை நான் பார்த்தேன். அடுத்த சுற்றுப்போட்டிக்கு அந்தப் பிள்ளை வரவில்லை.

பெயர் என்ன பெரிய காரியம், விளையாடினால் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. மெஸ்ஸியின் கதையையே எடுத்துப் பாருங்கள். றொசாரியோவில் கிராண்டோலி என்ற சின்ன அயல் கழகம். அந்தப் பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது அவருடைய அம்மம்மா செலியா. உயரம் குறைந்த பிள்ளை என்று யோசித்த பயிற்றுநரிடம், இவனை இறக்குங்கள் என்று கேட்டது அவர்தான். கோல் அடித்துவிட்டு இன்றும் மெஸ்ஸி வானத்தைப் பார்த்து விரலை உயர்த்துவது அந்த அம்மம்மாவுக்காக. வளர்ச்சிக் குறைபாட்டுக்கு ஊசி போட வேண்டியிருந்த பதின்மூன்று வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்கிறோம் என்று 2000 டிசம்பர் 14 அன்று பார்சலோனாக் கழகத்தின் கார்லஸ் ரெக்சாக் எழுதிக் கையெழுத்திட்டது, கை துடைக்கிற கடதாசி ஒன்றில். வேறு தாள் கைக்கு எட்டவில்லை. ஆனாலும் அதில் அந்தப் பிள்ளையின் பெயரைத் தெளிவாக எழுதினார்கள். 2024 இல் ஏலத்தில் அந்தக் கடதாசி 7 இலட்சத்து 62 ஆயிரம் பவுணுக்கு மேல் போனது. ஒரு பிள்ளைக்கு வாய்ப்புக் கொடுக்க வருகிறவர் முதலில் கேட்பது பெயரைத்தான். எங்கள் போட்டிச் செய்திகளை வாசிக்கிற எந்தப் பயிற்றுநர், எந்தத் தேர்வாளர், யாரைத் தேடி வருவார்?

மன்னாரைச் சேர்ந்த டக்சன் பியூஸ்லஸ் இலங்கைத் தேசிய அணியின் பின்வரிசையில் ஆடியவர். மாலைதீவில் ஒரு கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, 2022 பெப்ரவரியில் அங்கேயே இறந்துபோனார். எங்களூர்ச் சனத்தில் எத்தனையோ பேர் அவருடைய பெயரை முதன்முதலில் வாசித்தது மரணச் செய்தியில். எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். தேசிய அணி. உயிரோடு ஆடிய காலத்தில் அந்தப் பெயர் எங்கள் பிள்ளைகளின் வாயில் இருந்திருக்க வேண்டாமா? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

வேல்ஸ் நாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதன் 2024 இல் பார்ன்ஸ்லி கழகத்துக்காக முதல் போட்டியில் இறங்கியபோது அந்தச் செய்தி இங்கே எல்லாப் போனுக்கும் வந்தது. மருமகன் ஓடி வந்து காட்டினான், நானும் மகிழ்ந்தேன். அந்தப் பிள்ளைக்கு அங்கே ஒவ்வொரு வயதிலும் எத்தனை நிமிடம் ஆடினான் என்று எழுதி வைக்க ஆள் இருந்தது.

எங்களால் முடியாதது என்றும் இல்லை. 2018 இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் என்று ஒரு தொடர் யாழ். துரையப்பா மைதானத்தில் நடந்தது. கிளியூர் கிங்ஸ், முல்லை பீனிக்ஸ், வவுனியா வாரியர்ஸ் என்று எங்கள் மாவட்டங்களின் பெயரில் அணிகள் இருந்தன. மருமகன் தன் போனில் சேமித்து வைத்திருந்த அந்தப் போட்டி அறிக்கைகளை எனக்குக் காட்டினான். கோல் பெற்றவர்கள் என்று தனியாகப் பெயர், நிமிடம். மஞ்சள் அட்டை யாருக்கு என்றுகூட இருந்தது. விருந்தினர் பட்டியல் இல்லாமல் ஒரு தமிழ்ப் போட்டிச் செய்தி எழுதலாம் என்பதற்கு அது போதாதா? எழுதத் தெரிந்த கை இருக்கிறது, வாசிக்க ஆள் இருக்கிறது.

ஊர்ச் செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்புவது பெரும்பாலும் கழகச் செயலாளர்தான். வந்ததை வந்தபடி போடுகிறார்கள். போடுகிறவர் போனை எடுத்து, "தம்பி, கோல் அடிச்சது ஆர்?" என்று ஒரு கேள்வி கேட்டால் இரண்டாம் தரம் செயலாளர் தானாகவே எழுதி அனுப்புவார். ஒலிபெருக்கி பிடிக்கிறவரிடம் இரண்டு அணியின் பட்டியலையும் கொடுத்து, பந்து யாரிடம் போகிறதோ அவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் அவர் மாட்டேன் என்று சொல்லப் போவதில்லை. 3.30 என்றால் 3.30-க்கு விசில் ஊதுங்கள். விருந்தினர் வந்தால் கதிரையில் இருத்துங்கள், இடைவேளையில் மாலை போடுங்கள். சுணங்கி வந்தாலும் கிண்ணம் கொடுக்கிற நேரத்துக்கு அவர் வந்திருப்பார். உண்மையில் விளையாட்டைப் பார்க்க வந்த விருந்தினர்களை நான் கண்டிருக்கிறேன். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசி நிமிடம்வரை கண் எடுக்காமல் இருந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் இது பிடிக்கும்.

அடுத்த சுற்றுப்போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் செயலாளரைக் கண்டு கேட்டேன், இறுதிப் போட்டியில் ஆடுகிற இரண்டு அணி வீரர்களின் பெயர்களையும் அதில் போட ஏலாதா என்று. அவர் நல்ல பெடியன், மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "போடலாம் அக்கா, இடம் இல்லை. இப்பவே விருந்தினர்மாரின்ர பேருக்குத் தாள் காணாமல் கிடக்குது. அதோட ஃபைனலுக்கு ஆர் வருவினம் எண்டு இப்ப தெரியாதே."

இறுதிப் போட்டிக்கென்று தனியாக ஒரு நோட்டீஸ் முந்தின நாள் அடிக்கத்தானே போகிறீர்கள் என்றேன். ஓம் என்றார். நோட்டீசை ஒரு பக்கத்தில்தான் அடிக்கிறார்கள். பின்பக்கம் முழுவதும் வெள்ளையாகக் கிடக்கிறது. இரண்டு அணியின் பதினொரு பேரும் மாற்று வீரர்களும் நம்பரோடு தாராளமாக அதில் கொள்ளும். பின்பக்கமும் அடிப்பதற்கு அச்சகத்தில் எவ்வளவு கூடக் கேட்பார்கள் என்று விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காசை நான் தருகிறேன். அனுசரணையாளர் என்று என் பெயரைப் போட வேண்டாம்.